பிணத்துக்கு வசனம் கிடையாது

துளசிராமன் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனியில் ஆறு மாதத்துக்கு ஒரு விபத்து நடக்கும். பயப்பட வேண்டாம், ஒத்திகைதான். சங்கு ஊதும். எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு கேட்டுக்குப் பக்கத்திலுள்ள வேப்பமரத்தடியில் வந்து வரிசை கட்டுவார்கள். சேஃப்டி ஆபீசர் அன்புசெல்வன் மைக்கில் ஒவ்வொரு பெயராகப் படிப்பார். பெயருக்கு உரியவன் "இருக்கேன் சார்" என்பான். ஒரே ஒரு பெயருக்கு மட்டும் பதில் வராது. அதை மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு ஆள் உள்ள மாட்டிக்கினு இருக்கான்" என்று அறிவிப்பார். நான்கு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே ஓடி, மெஷினுக்குப் பக்கத்தில் விழுந்து கிடப்பவனைத் தூக்கி வருவார்கள்.

விழுந்து கிடப்பவன் பதினோரு வருடமாகத் துளசிராமன்தான்.

இதற்கு அவனிடம் இருந்த தகுதி நாற்பத்தேழு கிலோ எடை. அவனுக்கு முன்னால் விழுந்துகொண்டிருந்தவன் கொஞ்சம் பூசினாற்போல் இருந்ததால், தூக்கிய நால்வரில் இருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே லீவு போட்டார்கள். அதோடு இவன் கான்ட்ராக்ட் ஆள். நிரந்தரத் தொழிலாளியைத் தரையில் படுக்கச் சொன்னால் யூனியன்காரர்கள் சும்மா இருப்பார்களா? கான்ட்ராக்ட் ஆள் என்றால் எங்கே வேண்டுமானாலும் படுப்பான்.

படுக்கிற வேலையையும் துளசிராமன் சிரத்தையாகத்தான் செய்தான். எல்லாம் முடிந்தது என்று "ஆல் கிளியர்" சங்கு ஊதும்வரை கண்ணைத் திறக்கமாட்டான். எறும்பு காதுக்குள் போனாலும் அசைய மாட்டான். ஒரு முறை சங்கு ஊத வேண்டியவன் டீ குடிக்கப் போய்விட்டதில், முக்கால் மணி நேரம் வேப்பமரத்தடியில் அநாதையாகக் கிடந்தான். காக்கா ஒன்று நெஞ்சின் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது சரிப்படாது என்று பறந்து போனது. இதில் ஒரு சங்கடம் இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. தன் பெயரைக் கூப்பிடும்போது வாயைத் திறக்காமல் இருக்க ஒரு மனிதனை வருடத்துக்கு இரண்டு முறை, பதினோரு வருடம் பழக்கியிருந்தார்கள்.

அந்தக் கம்பெனியில் அவனுடைய நிஜ வேலை பிசிறு வெட்டுவது. அச்சிலிருந்து வரும் வாஷரின் ஓரத்தில் தொங்கும் ரப்பரைக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். கத்தி படும்போதே அந்த ரப்பர் வெந்ததா வேகாததா என்று அவன் கைக்குத் தெரிந்துவிடும். கடந்த மூன்று மாதமாக வண்டிக் கம்பெனிக்காரர்கள் சரக்கைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காரணம் தெரியாமல் மேனேஜர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். துளசிராமனுக்குக் காரணம் தெரியும். அவனை யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் பேசியிருப்பானா என்பது வேறு விஷயம்.

பேச்சுதான் அவனுக்கு எமன். வீட்டில் பேசுவான், ரயிலில் பேசுவான். நாலு கண் தன்னையே பார்க்கிறது என்று தெரிந்தால் தொண்டை தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும். நிரந்தர வேலைக்கு இதுவரை இரண்டு முறை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். முதல் முறை பெயர் என்ன என்று கேட்டார்கள், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். இரண்டாவது முறை என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார்கள், ஒரு சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்துவிட்டான். கான்ட்ராக்டர் வருடத்துக்கு ஒருவர் மாறுவார். மாறும்போதெல்லாம் துளசிராமன் புதிதாகச் சேர்ந்தவன் ஆகிவிடுவான். பதினோரு வருடமாக அந்தக் கம்பெனியில் அவன் புது ஆள். முப்பத்தெட்டு வயது முடிந்துவிட்டால் நிரந்தரம் கிடையாது என்பது விதி. ஆடி பிறந்தால் அவனுக்கு முப்பத்தெட்டு முடிகிறது. மூன்றாவது இன்டர்வியூ ஆனி மாதம் என்று போர்டில் ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் பிடிக்கிற லோகுதான் ஒரு நாள் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டுவந்தான். லோகுவும் கான்ட்ராக்ட் ஆள், எண்பத்தாறு கிலோ.

"மச்சி, நடிப்புப் பயிற்சியாம். ஆரம்ப நிலை. கும்மிடிப்பூண்டி பஜாரு கல்யாண மண்டபத்துல நாலு ஞாயித்துக்கெழம. ஃப்ரீ. நம்ம கம்பெனிதான் நாக்காலியும் சமோசாவும் ஸ்பான்சரு."

"எனுக்கு இன்னாத்துக்குடா நடிப்பு?"

"நூறு பேரு முன்னால பேசக் கத்துக்கினா, மூணு பேரு முன்னால பேசறது ஒரு மேட்டரா? போடா, போ."

ஞாயிற்றுக்கிழமை தன் ஊரான ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறிப் போனான். மண்டபத்தின் மாடியில் யாருக்கோ கல்யாணம். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் நடிப்பு. மேலேயிருந்து நாதஸ்வரமும் பக்கத்து அடுப்படியிலிருந்து சாம்பார் வாசனையும் வர, பதினான்கு பேர் வட்டமாக நின்றார்கள். பயிற்சி கொடுக்க வந்தவன் பரத். சென்னைக்காரன், இருபத்தாறு வயது, முடியை உச்சியில் கொண்டையாகப் போட்டிருந்தான். முதல் வேலையாக எல்லோரையும் ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னான். ஆலைப் புகை கலந்த கும்மிடிப்பூண்டிக் காற்றை அவ்வளவு ஆழம் வரைக்கும் உள்ளே விடுவது உடம்புக்கு ஆகுமா என்று துளசிராமன் யோசித்தான். ஊருக்குப் புதியவன், சொல்கிறான், பாவம் என்று பாதி மட்டும் இழுத்தான்.

அடுத்து, "இப்ப எல்லாரும் மரமா மாறுங்க" என்றான் பரத். லாரி புக்கிங் ஆபீசிலிருந்து வந்தவர், என்ன மரம் என்று கேட்டார். எந்த மரமானாலும் சரி என்றதும் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. மரம், தண்ணீர், நெருப்பு எல்லாம் ஆகி முடித்தபின், ஒவ்வொருவராக நடுவில் வந்து பெயரைச் சொல்ல வேண்டும் என்றான். துளசிராமன் முறை வந்தது. பதின்மூன்று ஜோடிக் கண்கள். தொண்டை தாழ்ப்பாள் விழுந்தது. கை தானாகக் கழுத்துக்குப் போய் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டியது.

பக்கத்தில் நின்ற பெண்மணி குனிந்து அதை உரக்கப் படித்தாள். "துளசிராமன். ரத்த வகை ஓ பாசிட்டிவ்."

அவள் பெயர் மெஹர்னிசா. பழவேற்காட்டிலிருந்து வந்து பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறாள். உண்மையில் அவள் மகள் பர்ஹானாவைத்தான் சேர்க்க வந்தாள். மகள் மரமாக நிற்க மறுத்துக் கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டாள், சமோசா உண்டு என்று தெரிந்த அம்மா அவள் இடத்தில் நின்றுவிட்டாள். வாடிக்கையாளரை மூச்சுவிட விடாமல் பேசிப் பழகியவள், அன்றிலிருந்து துளசிராமனுக்கும் சேர்த்துப் பேசினாள். அவளுக்கு அது ஒரு பாரமாகவே தெரியவில்லை.

இரண்டாவது வாரமும் அவன் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் பரத் எல்லோரையும் தரையில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, உடம்பைத் தளர்த்தச் சொன்னான். கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். லாரி புக்கிங் ஆபீஸ்காரர் குறட்டை விட்டார். துளசிராமன் படுத்தான். பரத் சுற்றிவந்தவன் அவனருகில் நின்றுவிட்டான். கையைத் தூக்கிப் போட்டுப் பார்த்தான், தொப்பென்று விழுந்தது. மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தான். ஒரு கணம் அவன் முகமே வெளுத்துவிட்டது.

"அண்ணா, இவ்ளோ நாள் எங்க இருந்தீங்க?" என்றான், கண்ணில் நீர் தளும்ப. "இதுதான் நடிப்பு. எல்லாரும் வந்து பாருங்க."

அடுத்த ஞாயிறு நடக்கவிருந்த நாடகத்துக்கு அந்த நிமிடமே கதை பிறந்தது. ஒரு தொழிலாளி செத்துக் கிடக்கிறான், சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவரும் அவனைப் பற்றிப் பொய் சொல்கிறார்கள். எழுதிவைத்த வசனம் கிடையாது, அவரவர் வாய்க்கு வந்ததைப் பேசலாம். மெஹர்னிசா மனைவி. துளசிராமன் பிணம்.

பேசக் கற்றுக்கொள்ளலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டியவனுக்கு இங்கேயும் அதே உத்தியோகம். மெஹர்னிசாவின் காதில் முணுமுணுத்தான். அவள் முன்னால் போனாள்.

"தம்பி, துளசிண்ணனுக்கு ஒரு வசனம் ஓணுமாம்."

"பிணத்துக்கு வசனம் கிடையாதுக்கா."

"சாவுறதுக்கு முன்னால ஒண்ணு குடேன்."

"திரை தொறக்கும்போதே பிணம்தான்க்கா."

"அப்ப திரைய கொஞ்சம் முன்னாலயே தொறந்துடு."

பரத் மசியவில்லை. கலையில் சமரசம் கிடையாதாம்.

நான்காவது ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நாடகம். பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் துளசிராமனைக் கிடத்தினார்கள். மாலைக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை, மாடியில் காலையில் கல்யாணமான மாப்பிள்ளையின் மாலையையே கேட்டு வாங்கிப் போட்டார்கள். முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக எச்.ஆர். மேனேஜர் வசந்தகுமார், சமோசா அவர் கையெழுத்தில் வந்தது என்பதால். அவர் பக்கத்தில் அன்புசெல்வன். பின்னால் லோகுவும் ஸ்ட்ரெச்சர்காரர்களும். துளசிராமன் மனைவி ஜோதிலட்சுமி மூன்றாவது வரிசையில், புருஷனை மாலையும் கழுத்துமாகப் பெஞ்சில் பார்க்க வந்து உட்கார்ந்தவள், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தாள்.

மெஹர்னிசா தலைவிரி கோலமாக ஓடிவந்து பெஞ்சில் விழுந்தாள். "என் ராசா, பன்னெண்டு வருசம் குடும்பம் பண்ணியே, ஒரு நாளு ஒரு பொழுது என்னை ஒரு கொறை சொல்லிருப்பியா. நான் வச்ச கொழம்ப வாயத் தொறக்காம துன்னுட்டுப் போவியே."

"உப்பு கம்மி" என்றது பிணம்.

பரத் திரைக்குப் பின்னால் தன் கொண்டையைப் பிடித்துக்கொண்டான். மெஹர்னிசா பேரம் படிந்த வியாபாரியின் முகத்தோடு ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள்.

"இன்னாய்யா சொன்ன?"

"கல்யாணம் ஆன நாள்லேந்து கம்மி. புளியும் ஜாஸ்தி. சொன்னா நீ மூஞ்சத் தூக்கி வச்சிக்குவியேன்னு துன்னுக்கினே இருந்தேன்."

கூடம் சிரித்து உருண்டது. கண்ணை மூடியபடியே துளசிராமன் பேசிக்கொண்டு போனான். சாவுக்கு வந்த ஒவ்வொருவனுக்கும் பதில் சொன்னான். நல்லவன் என்று புகழ்ந்தவனிடம், உயிரோடு இருக்கும்போது ஒரு டீ வாங்கித் தந்தாயா என்று கேட்டான். அவன் குரல் இவ்வளவு கனமானது என்று அவனுக்கே அன்றுதான் தெரிந்தது. இனி பயமில்லை, பேச்சு வந்துவிட்டது என்று மனம் துள்ள, கைதட்டல் சத்தத்தில் கண்ணைத் திறந்தான். நேர் எதிரில் வசந்தகுமார். தொண்டை தாழ்ப்பாள் விழுந்தது.

மேனேஜர் மேடையேறிக் கைகுலுக்கி, "பிரமாதம், உன் பேரு என்னப்பா?" என்று கேட்டார். துளசிராமன் அட்டையைத் தேடினான். மாலைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜோதிலட்சுமி தட்டை வைத்துக் குழம்பை ஊற்றினாள். வாயில் வைத்தான், கடலை அள்ளிக் குடித்தது போலிருந்தது.

"உப்பு போதுமா?"

"ஜோதி, அது நாடகம்."

"வாய்க்கு வந்ததப் பேசலாம்னுதான சொன்னாங்க. உன் வாய்க்கு என் கொழம்பா வந்துச்சி? எங்கூட்டு ஆளுங்களே பத்து பேரு உக்காந்துனு இருந்தாங்கய்யா. மானம் போச்சி."

அவன் தட்டையே பார்த்தான். "செவ்வாக்கெழம இன்டர்வியூ. இன்னிக்கு பேச்சு வந்துச்சி, கண்ணத் தொறந்ததும் பூடுச்சி. இதான் கடைசி சான்ஸ். எனுக்கு பயமா கீது ஜோதி."

அவன் பயம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. தட்டை இழுத்துக் குழம்பைக் கொட்டிவிட்டு மோரை ஊற்றினாள்.

"படுத்துக்கினாதான் உனுக்கு வாய் வருதுன்னா, படுத்துக்கினே பேசேன். இன்னா இப்ப?"

"மேனேஜரு முன்னாலயா?"

"என் மானத்த வாங்குறப்போ நல்லாத்தான படுத்துனு இருந்த?"

செவ்வாய்க்கிழமை. கண்ணாடிக் கதவு, குளிர்பதனம், நீளமான மேஜை. அந்தப் பக்கம் ஆலைத் தலைவர், வசந்தகுமார், அன்புசெல்வன். "வாப்பா நடிகரே" என்று சிரித்தார் வசந்தகுமார். "உன்னைப் பத்திச் சொல்லு, கேப்போம்."

ஆறு கண்கள். தாழ்ப்பாள். துளசிராமன் அட்டையை நோக்கிப் போன கையைப் பாதியில் நிறுத்தினான். நேரம் போனது. ஆலைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். வசந்தகுமார் பேனாவை எடுத்துத் துளசிராமன் பெயர்மேல் கொண்டுபோனார். அந்தப் பேனா இறங்கிவிட்டால் பதினோரு வருடமும் போயிற்று என்று அவனுக்குத் தெரிந்தது.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினான்.

"ஐயோ, வலிப்பா?" வசந்தகுமார் எழுந்துவிட்டார். அன்புசெல்வனின் கை, பழக்கதோஷம், வாக்கிடாக்கிக்குப் போனது. அப்போது மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"பேரு துளசிராமன் சார். ஊரு ஆரம்பாக்கம். பதினோரு வருசமா பிசிறு வெட்றேன்."

மூன்று தலைகள் மேஜைக்கு மேலாக எட்டிப் பார்த்தன. ஆலைத் தலைவர் விவரமானவர், பதில் எங்கிருந்து வந்தாலும் சரி என்கிற ரகம். "சரக்கு ஏன் திரும்பி வருது, தெரியுமா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"நாலாம் நம்பர் அச்சு பிரஸ்ல எடது பக்கத் தட்டு சரியா சூடாவல சார். வலது பக்கத்து வாஷர்ல கத்தி வச்சா பிசிறு நறுக்குனு வந்துடும். எடது பக்கத்துது சவ்வு மாதிரி இழுக்கும். அது வேவாத ரப்பர். மேலாப்புல பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், கைக்குத்தான் தெரியும். எந்தப் பக்கத்துதுன்னு என் டிரேவுல தனித்தனியா போட்டு வச்சிருக்கேன், இப்ப வேணா வந்து பாருங்க."

வசந்தகுமார் மெல்ல உட்கார்ந்து, "மூணு மாசமா தெரிஞ்சும் ஏன்பா சொல்லல?" என்றார்.

"நின்னுக்கினு இருந்தேன் சார்."

அதற்குப் பிறகும் எட்டு கேள்வி கேட்டார்கள். எட்டுக்கும் தரையிலிருந்து பதில் வந்தது. நிரந்தரம் எதற்கு என்று கேட்டபோது, "நானும் இங்க வேல செய்றவன்தான்னு எழுத்துல இருக்கட்டும் சார்" என்றான். பிறகு கேள்வி தீர்ந்துவிட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அன்புசெல்வனுக்குத்தான் விளங்கியது. பதினோரு வருடம் அவனைப் படுக்கவைத்தவர் அல்லவா, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"ஆல் கிளியர், துளசி."

எழுந்தான், செருப்பை மாட்டினான், சல்யூட் அடித்தான், வாய் திறக்காமல் வெளியே போனான்.

அன்று மாலையே நாலாம் நம்பர் பிரஸ்ஸைப் பிரித்தார்கள். இடது தட்டின் ஹீட்டர் கருகிப் போயிருந்தது. ஆடி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது நிரந்தரப் பட்டியல் போர்டில் ஏறியது. துளசிராமனுக்கு அடையாள அட்டை மஞ்சளிலிருந்து நீலமானது. வீட்டில் குழம்பு ஊற்றும்போதெல்லாம் ஜோதிலட்சுமி, "சொல்றதுன்னா இப்பவே சொல்லிடு, அப்பறமா படுத்துக்கினு சொல்லாத" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறாள்.

ஐப்பசியில் அடுத்த ஒத்திகை வந்தது. நிரந்தரத் தொழிலாளியைப் படுக்கவைக்க முடியாது என்பதால் அன்புசெல்வன் புது ஆள் தேடி, வேறு யாரும் சம்மதிக்காமல், கடைசியில் லோகுவை மெஷினுக்குப் பக்கத்தில் போட்டார். ஸ்ட்ரெச்சர்காரர்கள் காலையிலிருந்தே இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதியது. துளசிராமனின் கால் பழக்கத்தில் உள்பக்கம் திரும்ப, யாரோ தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான்.

மைக்கில் பெயர்கள் ஓடின. "துளசிராமன்."

பதில் வரவில்லை. இருநூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நானூறு கண்கள். தாழ்ப்பாள் தடால் என்று விழுந்தது.

"துளசிராமன்."

படுத்துவிடலாமா என்று ஒரு கணம் தரையைப் பார்த்தான். படுத்தால் இவனுக்கும் சேர்த்து இரண்டாவது ஸ்ட்ரெச்சர் வரும், ஏற்கெனவே எண்பத்தாறு கிலோ உள்ளே காத்திருக்கிறது. அன்புசெல்வன் மைக்கைக் கீழே இறக்கி அவனையே பார்த்தார். இந்தப் பெயருக்குப் பதில் வராமல் மூன்று முறை கூப்பிடுவது அவருக்கும் பழகிய வேலைதான். ஆனால் இந்த முறை மூன்றாவது தடவைக்கு அவசரப்படாமல் நின்றார்.

"துளசிராமன்."

"இருக்கேன் சார்."

வேப்பமரத்துக் காக்காய்கள் மொத்தமும் கிளம்பிப் பறந்தன. கேட்டில் இருந்த வாட்ச்மேன் எழுந்து நின்றார். உள்ளே சுயநினைவில்லாமல் கிடக்க வேண்டிய லோகு, இது யார் குரல் என்று பார்க்க எழுந்து வாசலுக்கே வந்துவிட்டான். மாட்டிக்கொண்டவன் தானே நடந்து வெளியே வந்தால் ஒத்திகை செல்லாது. அன்புசெல்வன் அவனைத் திட்டி உள்ளே அனுப்பினார், பேப்பரைத் திருப்பி மறுபடியும் முதல் பெயரிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

துளசிராமன் தன் பெயர் வரும்வரை காத்திருந்து, இரண்டாவது தடவையும் சொன்னான்.